காத்திருப்புப் பட்டியலில் ஏழாம் நம்பர்

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன், ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆய்வாளன், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒருவன், நலம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நடமாடிக்கொண்டிருக்கிறேன். அங்கே தங்கள் முழங்காலும், தங்கள் மனைவி அக்காவின் இருமலும், அந்தக் கிழட்டு நாயும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். இரண்டு பஸ் மாறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யோசிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நேரில் வந்து நான் வாயைத் திறந்தால் தாங்கள் டிவியின் சத்தத்தைக் கூட்டுவீர்கள். ஃபோனில் கூப்பிட்டால் "ம்" என்பதற்கு மேல் தங்களிடமிருந்து ஒன்றும் பெயராது. கடிதத்தை யாரும் நடுவில் மடக்க முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. கடைசிவரை படிக்கவும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எனக்குத் தங்கள் பதில் வேண்டும்.

விஷயம் அந்தக் கப்பலைப் பற்றியது. முதலிலிருந்து சொன்னால்தான் என் தரப்பு விளங்கும். பல் டாக்டரிடம் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தபோது உங்கள் தங்கை அங்கே கிடந்த ஒரு வழவழப்பான புத்தகத்தைப் புரட்டியிருக்கிறாள். நூற்றுப் பதினெட்டு நாள், ஒரே கப்பல், உலகத்தையே ஒரு சுற்று. பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டியதுதானே? கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் செய்த ஒரே திருட்டு அது. என்னிடம் வாய்விட்டுக் கேட்டதும் அது ஒன்றைத்தான். "போலாமாங்க?" என்றாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். "பார்க்கலாம்" என்றேன். என் உத்தியோகம் அப்படி. முப்பத்து நாலு வருஷம் ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன். முண்டியடிக்கிற கூட்டத்துக்கு நான் சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: இது நிறைந்துவிட்டது, அவசரப்படாதீர்கள், அடுத்தது வரும். வரவும் செய்யும். கப்பலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் போனால் காலி அறைகளைக் கூவிக் கூவி விற்பான், அப்போது சல்லிசாகப் பிடித்துவிடலாம் என்று அவளுக்கு வகுப்பே எடுத்தேன். அப்படியே முந்தின வாரம் போய் நின்றேன். பயண அலுவலகத்தில் எப்போதும் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டிருக்குமே ஒரு பெண், அது என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. "சார், இவ்வளவு நாள் போற கப்பலெல்லாம் ரெண்டு வருஷம் முன்னாடியே வித்துடும். ஒரு தடவை போனவங்களே திரும்பத் திரும்பப் போவாங்க, அவங்களுக்குத்தான் முதல்ல குடுப்பாங்க. ரொம்ப சின்ன ரூமும் ரொம்பப் பெரிய ரூமும் முதல் நாளே போயிடும். நடுவுல மிஞ்சினதுதான் நம்மளுக்கு" என்றது. அந்த வருஷத்துக் கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

சரி, பட்டுத் தெளிந்தாயிற்று என்று, அடுத்த கப்பலுக்கு விற்பனை திறக்கிற திங்கட்கிழமையை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தோம். கப்பல் கிளம்ப இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, விற்பனை காலை ஒன்பது மணிக்கு. எட்டு மணிக்கே உங்கள் தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். "நீ எதுக்கு அலையணும், வரிசைல நின்னா கால் வலிக்கும், நான் போய் முடிச்சுட்டு வந்துடறேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடி, அதற்கு மை நிரப்பி, பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்றே மூன்று அறைகள் மிச்சம். மூன்றும் லிஃப்டை ஒட்டினாற்போல. வேறு எவனாவது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் பிடித்திருப்பான். நான் என்ன செய்தேன்? லிஃப்ட் எந்தக் கம்பெனி, மோட்டார் மேலேயா கீழேயா, கயிறு கடைசியாக மாற்றியது எப்போது என்று விசாரித்தேன். அந்தப் பெண் மேலிடத்துக்கு ஃபோன் போட, மேலிடம் இன்னொரு மேலிடத்துக்குத் தள்ள, ஹெட்ஃபோனில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க, திரையில் மூன்று இரண்டாகி இரண்டு ஒன்றாகி, கடைசியில் "மோட்டார் கீழதானாம் சார்" என்று அது திரும்பிச் சொன்னபோது ஒன்றுமே இல்லை. "நல்லவேளைம்மா, கீழ இருந்தா அதிர்வு ஜாஸ்தி"ன்னு சொல்லிட்டு வந்தேன் மச்சான். அப்ப எனக்கு அது பெருமையாக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்க தங்கை செருப்பைக் கழட்டி அலமாரிக்குள்ள வெச்சா, அவ்வளவுதான். திட்டியிருந்தா தேவலாம்னு இருந்தது. காத்திருப்புப் பட்டியல்னு ஒண்ணு இருக்காம், யாராவது விலகினா அதுல இருக்கிறவங்களுக்கு வரிசையாக் குடுப்பாங்களாம்னு சொன்னா. "அதெல்லாம் நமக்கெதுக்கு, காலியாறப்ப பாத்துக்கலாம்"னு அதையும் தட்டிக்கழிச்சேன். ஆனா நாலு நாள் அவ முகத்தைப் பாத்துட்டு எனக்கே பொறுக்கல. வெள்ளிக்கிழமை அவகிட்ட சொல்லாம போய், ஒரு சீட்டுல விவரமெல்லாம் எழுதி, பேர் குடுத்துட்டு வந்தேன். எட்டாம் நம்பர். வந்து சொன்னேனா, பாத்திரம் கழுவிட்டிருந்தவ குழாயை நிறுத்தாமலே அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிச்சா. "பரவாயில்லையே, ஆயுசுல முதல் தடவையா நீங்களாப் போய் ஒண்ணுக்குப் பேர் குடுத்திருக்கீங்க"ன்னா. சந்தோஷத்துல சிரிக்கிறாள்னு நினைச்சேன்.

அதுக்கப்புறம் நடந்த கூத்தில பாதி உங்களுக்குத் தெரியும். கப்பல்ல கிடைக்கக்கூடியது ஜன்னல் இல்லாத உள்ளறைதான்னு அந்தப் பொண்ணு சொன்னதால, நூத்துப் பதினெட்டு நாள் அதுல இருக்க முடியுமான்னு முன்கூட்டியே பாத்துடணும்னு தோணுச்சு எனக்கு. நம்ம வீட்டு சாமான் அறையை டேப் வெச்சு அளந்தேன், கிட்டத்தட்ட அதே அளவு. பழைய சாமானையெல்லாம் கூடத்துக்குத் தள்ளிட்டு, ரெண்டு கட்டிலைப் போட்டு, ஒரு வாரம் பகல் பூரா அதுக்குள்ளயே இருந்து பழகலாம்னு ஏற்பாடு. மூணாம் நாள் நீங்க வந்தீங்க. கட்டிலைத் தள்ளினாத்தான் கதவு திறக்கும், கதவைத் திறந்தாத்தான் கட்டிலைத் தள்ள முடியும்னு ஆகிப்போய், நாங்க உள்ள, நீங்க வெளிய, கதவு இடுக்குல பேசிக்கிட்டோம். நீங்க கொண்டுவந்த திராட்சையை ஒவ்வொண்ணா இடுக்கு வழியா உள்ள உருட்டிவிட்டீங்க. மூணு மணி நேரம் கழிச்சுத் தச்சன் வந்து கீலைக் கழட்டினான். நீங்க என்னைப் பாத்த பார்வையில நான் சாம்பலாகியிருக்கணும். ஆனா அந்த மூணு மணி நேரத்துல உங்க தங்கை சிரிச்ச மாதிரி நான் பாத்ததே இல்ல மச்சான். "கப்பல் கிடைக்கலன்னாகூட இது போதுங்க"ன்னா. கிடைக்கலன்னா என்ன அர்த்தம், கிடைக்கும்னு நான் கோவிச்சுக்கிட்டேன்.

பட்டியல்ல ஒருத்தரா குறைஞ்சுக்கிட்டே வந்தது. இந்தக் கப்பல்காரன் கணக்கு மத்தவன் கணக்கு மாதிரி இல்ல. இன்னிக்கு எல்லாம் நிறைஞ்சாச்சும்பான், நாளைக்கு ரெண்டு அறை இருக்கும்பான், நாம மேஜைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அதுவும் இல்லம்பான். கிளம்பற தேதி நெருங்கி முழுத்தொகை கட்டணும்னு வந்தா பாதிப் பேருக்கு மனசு மாறிடுமாம். அப்படி மாறினதுல ஒண்ணாம் நம்பர்ல இருந்து ஆறாம் நம்பர் வரைக்கும் எல்லாருக்கும் இடம் கிடைச்சுது. எங்களுக்கு முன்னாடி மிச்சம் ஒரே ஒரு ஆள், ஏழாம் நம்பர். அந்த ஆளை நான் திட்டாத திட்டு இல்ல. வியாழக்கிழமை தோறும் உங்க வீட்டு மேஜையில உக்காந்து, உங்க சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டே திட்டினேன். அந்த ஆளுக்கு ஒரு உருவமே குடுத்துட்டேன். தொப்பை, தங்கப் பல்லு, விரலுக்கு விரல் மோதிரம், ஏற்கெனவே ஆறு தடவை உலகத்தைச் சுத்தினவன், ஏழாவது தடவை போகலன்னா இவனுக்குத் தூக்கம் வராதோன்னு கேட்டேன். அப்ப உங்களுக்குப் புரையேறும். அக்கா எழுந்து சமையலறைக்குப் போயிடுவாங்க. உங்க தங்கை தண்ணி டம்ளரை உங்க பக்கம் நகர்த்தி வெச்சுட்டு, "பாவம், அந்த ஆளுக்கு என்ன ஆசையோ"ம்பா. உங்க குடும்பத்துக்கே இளகின மனசு, ஏமாளிக் குடும்பம்னு நான் சொன்னேன். சொன்னேனா இல்லையா? நீங்க எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டினீங்க.

அப்புறம் ஆஸ்பத்திரி. அந்தப் பதினொரு நாளை நான் எழுத வேண்டாம், நீங்களும் அங்கதான் இருந்தீங்க. காலையில நான், சாயங்காலம் நீங்க. எனக்குச் சும்மா உக்காரத் தெரியாம அங்க இருந்த லிஃப்டைச் சோதிச்சுக்கிட்டிருந்தேன். மூணாம் மாடியில தரைக்கு ரெண்டு அங்குலம் மேல நிக்குது, இப்படியே விட்டா யாராவது தடுக்கி விழுவாங்கன்னு எழுதிக் குடுத்தேன். நர்ஸம்மா அதை வாங்கி மடிச்சு, தூக்கிப் போடாம சட்டைப் பையில வெச்சுக்கிட்டாங்க, நல்ல மனுஷி. ஒன்பதாம் நாள் காலையில உங்க தங்கை கொஞ்சம் தெளிவா இருந்தா. எனக்கு வேற என்ன பேசறதுன்னு தெரியல. தைரியம் சொல்றதா நினைச்சு, "நீ சீக்கிரம் எழுந்து வா, இன்னும் ஏழாம் நம்பர் ஒருத்தன்தான். அந்த ஆள் ஒழிஞ்சாத்தான் நமக்கு விடிவு"ன்னேன். அவ கண்ணைத் திறந்து என்னையே பாத்தா. "அப்படிச் சொல்லாதீங்க. அவங்களுக்கும் கூடப் போக ஒருத்தர் இருப்பாங்கல்ல"ன்னா. "இருந்துட்டுப் போகட்டும், எனக்கென்ன"ன்னேன். ரெண்டு நாள்ல போயிட்டா.

நாலு மாசம் கழிச்சு, நேத்து காலையில ஃபோன். ஹெட்ஃபோன் பொண்ணு. குரல்ல அப்படி ஒரு உற்சாகம். "சார், வாழ்த்துக்கள்! ஒரு ரூம் காலியாயிருக்கு, உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க விலகிட்டாங்க. ரெண்டு பேர் ரூம், நடுக்கப்பல், ஆட்டமே தெரியாது. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள உறுதி பண்ணணும்"னுச்சு. எனக்கு அந்தப் பட்டியலே மறந்துபோயிருந்தது. ஏன் விலகினாராம் அந்த மகராசன்னு கேட்டேன். "அவர் இல்ல சார், ஒரு அம்மா. தவறிட்டாங்களாம். இடம் வந்திருக்குன்னு கூப்பிட்டப்ப அவங்க அண்ணன்தான் ஃபோன்ல சொன்னார், பாவம், அவரால பேசவே முடியல"ன்னுச்சு. ஐயோ பாவம்னு நானும் சொன்னேன் மச்சான். சொல்லிட்டு, வேண்டாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு பஸ் ஏறிப் போனேன். என் சீட்டை எடுக்கறதுக்காக அந்தப் பொண்ணு கோப்பைப் பிரிச்சுது. என் சீட்டுக்கு மேல இருந்த சீட்டு, குறுக்கே சிவப்புக் கோடு போட்டது, உங்க தங்கையோட கையெழுத்து. எனக்கு நாலு நாள் முன்னாடி, அதே திங்கட்கிழமை சாயங்காலம், நான் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுத் தூங்கினப்ப போய்க் குடுத்திருக்கா. விலாசம் உங்க வீட்டு விலாசம். ஃபோன் உங்க வீட்டு ஃபோன். பயணிகள் ரெண்டு பேர். விசேஷக் குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு, எல்லாரும் காலியா விடுவாங்க. அதுல எழுதியிருக்கா: லிஃப்டுக்குப் பக்கத்து அறை வேண்டாம், என் கணவருக்குத் தூக்கம் வராது.

அந்தப் பொண்ணு ஓடிப்போய்த் தண்ணி கொண்டுவந்து குடுத்தது. 

இப்ப உங்ககிட்ட கேக்கறேன். நீங்க ஏன் சொல்லல? வியாழக்கிழமை தோறும் நான் உங்க மேஜையில உக்காந்து உங்க தங்கையைத் தங்கப் பல்லுக்காரன்னு திட்டினப்ப, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாயை மூடுடான்னு சொல்லியிருக்கலாமே. அவ ஏன் சொல்லலன்னு எனக்குத் தெரியுது. நானா முந்திக்கிட்டுப் பேர் குடுத்தேன்னு குதிச்சேன்ல, அதைக் கெடுக்க மனசு வரல அவளுக்கு. ஏழுக்கு இடம் வர்றப்ப சொல்லிக்கலாம், சிரிச்சுக்கலாம்னு வெச்சிருப்பா. நாள் இருக்குன்னு நினைச்சிருப்பா. முப்பத்தெட்டு வருஷம் என்கூட இருந்து அதை மட்டும் கத்துக்கிட்டாபோல. ஆனா ஒன்பதாம் நாள் நான் சொன்னது இருக்கே, அது ராத்திரி பகலா என் காதுலயே நிக்குது. எந்த மனுஷனும் கட்டின பெண்டாட்டிகிட்டயே போய், படுக்கைக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, நீ ஒழிஞ்சாத்தான் எனக்கு விடிவுன்னு சொல்லியிருக்க மாட்டான். தெரியாமத்தான் சொன்னேன். அவளுக்குத் தெரியும் தெரியாமச் சொன்னேன்னு. இருந்தாலும் அவ காதுல விழுந்தது விழுந்ததுதானே? அன்னிக்குச் சாயங்காலம் நீங்க வந்ததும் நான் டீ குடிக்கக் கீழ போனேன். அந்தக் கால் மணி நேரத்துல அவ உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா? வருத்தப்பட்டாளா? அழுதாளா? இல்ல, எப்பவும் போல சிரிச்சாளா? எதுவானாலும் உள்ளபடி எழுதுங்க, என்னைத் தேத்தறதுக்காக ஒண்ணும் எழுத வேண்டாம்.

அப்புறம் கப்பல். வேண்டாம்னு சொல்லப் போனவன் சொல்லாமலே திரும்பி வந்துட்டேன். நேத்து ராத்திரி பூரா யோசிச்சு, போறதுன்னே முடிவு பண்ணிட்டேன். அவ கேட்டது அது ஒண்ணுதான், அதையும் நானே வேண்டாம்னு சொன்னா நான் மனுஷனே இல்ல. ஆனா தனியாப் போக முடியாது. ஜன்னல் இல்லாத அறையில காலியா இருக்கிற இன்னொரு கட்டிலைப் பாத்துக்கிட்டு நூத்துப் பதினெட்டு நாள் இருந்தா எனக்குப் புத்தி பேதலிச்சுடும். அதனால நீங்க என்கூட வரணும். உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும், கல்யாணத்தன்னிக்கே நான் தாமதமா வந்தப்பவே பிடிக்காமப் போச்சு. நீங்க குறட்டை விடுவீங்க, நான் தூக்கத்துல லிஃப்டுக்குச் சான்று வாசிப்பேன். நீங்க டிவியைக் கூட்டுங்க, நான் வெளிய போய் நின்னு கடலைப் பாத்துக்கறேன். பேச வேண்டாம், "ம்" போதும். அக்காவை நாலு மாசத்துக்கு அவங்க தங்கச்சி வீட்ல விடலாம், நாயைத் தச்சன் பாத்துக்கறேன்னு சொல்லிட்டான், கேட்டுட்டேன். உங்க பாஸ்போர்ட் அலமாரியில கீழ்த்தட்டுல, பழைய கம்பளிக்கு அடியில இருக்கும்னு உங்க தங்கை ஒரு தடவை சொல்லியிருக்கா. எடுத்துத் தூசி தட்டி வைங்க. இந்தக் கடிதத்தைத் தபால்ல போட்டா வெள்ளிக்கிழமைக்குள்ள வராது, நானே வந்து உங்க வாசல் பெட்டியில போட்டுட்டுப் போறேன். கதவைத் தட்ட மாட்டேன்.

அக்காவுக்கு என் அன்பும், அத்தனை வியாழக்கிழமையும் சமையலறையில் போய் நிற்க வைத்ததற்கு என் மன்னிப்புக் கோரலும். உங்கள் முழங்கால் படியேறும் அளவுக்காவது குணமாகட்டும். வீட்டில் எல்லோருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று, வேண்டிக்கொள்ள எனக்கு இனி யோக்கியதை உண்டோ இல்லையோ, வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன்,
எட்டாம் நம்பர்.

பின்குறிப்பு: மேலே கண்டதை நேற்று செவ்வாய்க்கிழமை எழுதினேன். இன்று உங்கள் வீட்டுக்கு வருகிற வழியில், உங்கள் பெயரையும் சேர்த்துவிடலாம் என்று பயண அலுவலகத்தில் இறங்கினேன். ஹெட்ஃபோன் பெண்ணைப் பார்த்து, எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "இருக்காங்க சார், ஒன்பதாம் நம்பர். உங்க வயசு ஒரு ஜோடி. அந்தம்மாவுக்கு உடம்பு அவ்வளவா சரியில்ல, இந்தக் கப்பலை விட்டா அடுத்தது ரெண்டு வருஷம் கழிச்சுத்தானேன்னு அந்த ஐயா வாராவாரம் வந்து நிப்பார். அந்த எட்டாம் நம்பர் ஆசாமி இன்னும் ஒழியலையான்னு கேட்டுட்டுப் போவார்"னு சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டது. ஆகவே மச்சான், மேல எழுதினதுல பாஸ்போர்ட், நாய், அக்கா, குறட்டை எல்லாத்தையும் அடிச்சுடுங்க. நீங்க கால்மணி நேரத்தைப் பத்தின அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதினாப் போதும், அதுக்கு வெள்ளிக்கிழமைன்னு கெடு கிடையாது. நான் விலகிட்டேன். காரணம்னு இருந்த கட்டத்துல சொந்த விஷயம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, தெருமுனை வரைக்கும் வந்தவன், என்னவோ தோணித் திரும்பிப் போனேன். "அம்மா, ஒன்பதாம் நம்பர் ஐயா வந்தார்னா, எட்டாம் நம்பர் சாகல, நல்லா இருக்கார், அவராத்தான் விட்டுக்குடுத்தார்னு மறக்காம சொல்லிடும்மா"ன்னு, அது ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டுக் கேட்கிற வரைக்கும் ரெண்டு தடவை சொல்லிட்டு வந்தேன்.